வரவேற்பில் வல்லவர்கள்

நம் கால்பந்து அணிகளின் நிர்வாகங்களைப் புகழ்ந்து எழுத யாரும் முன்வருவதில்லை. தோற்றால் திட்டுகிறோம், ஜெயித்தால் ஆட்டக்காரர்களைத் தூக்கிக் கொண்டாடுகிறோம். நிர்வாகத்துக்கு இரண்டிலும் பங்கில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துவைக்கிறேன். புகழ்வதற்குக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றுகூட மிகையில்லை, எல்லாம் ஆட்டப் பதிவுகளில் இருப்பவை.

முதல் புகழ், புது ஆட்டக்காரரை அறிவிக்கும் திறமைக்கு.

எங்கள் ஊர் கயத்தாறு, கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட ஊர். இன்று நாற்கரச் சாலையும் காற்றாலைகளும் அதைச் சுற்றி நிற்கின்றன. சென்னை பெரியமேட்டில் சென்னையின் எஃப்சி ஆடும் நேரு விளையாட்டரங்கம் இங்கிருந்து ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர். எங்கள் பையன்களில் பெரும்பாலானவர்கள் அந்த வாசலைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் அணியிடமிருந்து அறிவிப்பு வரட்டும். நீலச் சட்டையைப் பிடித்தபடி ஒரு வெளிநாட்டவர் நிற்கும் படம், பின்னணியில் நாதஸ்வரமோ பறையோ, கடைசியில் ஒரு 'வணக்கம்'. அடுத்த ஒரு மணி நேரத்தில் ஊரில் பாதிப் பேருடைய டிபி மாறிவிடும்.

"ஏலே, இந்த வருசம் கப்பு நமக்குத்தாம்லே."

"எந்த இடத்துல ஆடுவாம்லே அவன்?"

"அது தெரியல. ஆனா பெரிய கையி."

எந்த இடத்தில் ஆடுவார் என்றே தெரியாத ஒருவருக்காக, போகவே முடியாத ஓர் அரங்கத்தின் அணிக்காக, கரிசல்காட்டுப் பையன் ஒருவனை இத்தனை சந்தோஷப்பட வைப்பது சாதாரணக் காரியமில்லை. கோல் அடித்துச் சந்தோஷப்படுத்துவது எல்லா நாட்டு அணிகளும் செய்கிற வேலை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, பந்து உருளாமலேயே சந்தோஷப்படுத்துவதில் நம் அணிகள் தேறிவிட்டன.

இரண்டாவது புகழ், வரலாற்றின் மேல் அவர்களுக்கு உள்ள மரியாதைக்கு.

2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகள் இருந்தன. உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியவர்களை அவற்றில் பல தேடித்தேடிக் கொண்டுவந்தன. டெல்லிக்கு அலெஸாண்ட்ரோ டெல் பியரோ, கோவாவுக்கு ராபர்ட் பிரெஸ், புனேக்கு டேவிட் திரெஸெகே, வடகிழக்கு அணிக்கு ஜோன் கப்தேவிலா. சென்னைக்கு மார்கோ மத்தராஸி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிதேன் தலையால் முட்டினாரே, அந்த மத்தராஸிதான். அபிஷேக் பச்சனும் மகேந்திர சிங் தோனியும் உரிமையாளர்களாக இருந்த அணிக்கு அவர் வந்தது அந்த மாதம் டீக்கடைப் பேச்சையே மாற்றியது. கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் பேசாத பெஞ்சுகளில் இத்தாலியைப் பற்றிப் பேசினார்கள். இதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

டெல் பியரோவுக்கு அப்போது வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது, பிரெஸும் மத்தராஸியும் நாற்பதைத் தாண்டியிருந்தார்கள். டெல் பியரோ பத்து ஆட்டம் ஆடி ஒரு கோல் அடித்தார். 2017இல் கேரளா பிளாஸ்டர்ஸ் டிமிடார் பெர்பதோவைக் கொண்டுவந்தபோது அதன் ரசிகர்களான மஞ்சள் படை தெருவையே அதிரவைத்தது. அவர் ஒன்பது ஆட்டம் ஆடி ஒரு கோல் அடித்தார். தொலைக்காட்சியில் பத்து வருடத்துக்கு முன்பு பார்த்த கால்களை நம் புல்தரையில் பார்க்கக் கொடுத்துவைத்த தலைமுறை இது.

எலானோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை அவரை வாங்கியது முழுக்க முழுக்கச் சரியான முடிவு. 2014இல் எட்டு கோல் அடித்து அந்தப் பருவத்தின் தங்கக் காலணியை வாங்கினார். அவர் ஃப்ரீகிக் எடுக்க நின்றால் எதிரணி கோல்கீப்பரின் முகம் மாறும். அடுத்த ஆண்டு கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல் அடித்து அதே விருதை வாங்கினார், சென்னை கோப்பையையும் வென்றது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு எஃப்சியையே 3–2 என வீழ்த்தி இரண்டாவது கோப்பை வந்தது. நல்ல ஆட்டக்காரரை எங்கிருந்து கொண்டுவந்தாலும் அதில் தவறில்லை. எங்கள் பக்கத்துத் திருவிழாப் போட்டிகளில்கூட வெளியூர் ஆட்டக்காரரை இறக்குவது வழக்கம்தான். அவருக்குச் சாப்பாடு போட்டு, பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து, கைதட்டி அனுப்புவோம். அடுத்த வருஷம் அவர் வராவிட்டால் உள்ளூர்ப் பையன் அந்த இடத்தில் ஆடுவான். அந்தப் பையன் போன வருஷமே தயாராகியிருப்பான்.

இங்கேதான் மூன்றாவது புகழ் வருகிறது. நம் அணிகளின் விருந்தோம்பலுக்குக் குறைவே இல்லை. கோல் அடிக்கும் பொறுப்பை அவர்கள் விருந்தாளிகளிடமே முழுசாகக் கொடுத்துவிட்டார்கள்.

2014 முதல் 2024–25 வரை பதினோரு பருவங்கள். எலானோ, மெண்டோசா, மார்சலினோ, கோரோ, வால்ஸ்கிஸ், அங்குலோ, ஓக்பெச்சே, மொரீசியோ, டயமண்டகோஸ், அலாயித்தீன் அஜராய் எனத் தங்கக் காலணி நாடு நாடாகப் போயிருக்கிறது. ஒரு முறைகூட இந்தியர் ஒருவர் அதை வாங்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக, இத்தனை அணிகளும் ஒரே முடிவில் உறுதியாக நின்றிருக்கின்றன.

இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சியாளருக்கு வேலை நிரந்தரமில்லை. நான்கு ஆட்டம் தோற்றால் விமானச் சீட்டு கையில் வந்துவிடும். ஆகவே ஆட்டத்தை முடிவுசெய்யும் இரண்டு இடங்களை, அதாவது முன்னால் கோல் அடிப்பவரையும் பின்னால் தடுப்பவரையும், வெளிநாட்டவருக்குக் கொடுத்துவிடுவார். தொடக்க ஆண்டுகளில் களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆட முடிந்தது. பிறகு அது ஐந்தானது, 2021–22 முதல் நான்கு. எண்ணிக்கை குறையக் குறைய அந்த இரண்டு இடங்களின் மேல் பிடி இறுகியதே தவிரத் தளரவில்லை. பதினெட்டு வயதில் கோல் அடிக்கும் ஆசையோடு வருகிற இந்தியப் பையனைப் பக்கவாட்டுக் கோட்டுக்கு அனுப்புவார்கள். ஓடு, பந்தைக் கடத்து, உள்ளே இருக்கும் வெளிநாட்டவருக்குக் கொடு என்பார்கள். பத்து வருஷம் அப்படி ஓடியவன் ஒருநாள் இந்திய அணிக்கு வருவான். அங்கே உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள்.

2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் கண்ணீரோடு விடைபெற்ற சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில் நாற்பது வயதில் மறுபடி இந்திய அணிக்கு அழைத்தார்கள். அவர் அதற்குத் தகுதியானவர். அந்தப் பருவத்தில் லீகில் 14 கோல் அடித்து, இந்தியர்களில் முதலிடத்தில் நின்றவர் அவரேதான். ஒரு மனிதனின் உழைப்புக்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவர்களை இத்தனை ஆண்டுகளும் விருந்து பரிமாற அனுப்பியவர்களுக்கும் இதைவிடப் பெரிய சான்று கிடையாது. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1–2 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பை இந்தியா இழந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றோம்.

நான்காவது புகழ், கதவைப் பத்திரமாகக் காவல் காத்ததற்கு.

சூப்பர் லீகுக்கு வெளியே நடந்த ஐ-லீகின் பட்டத்தை 2018–19இல் வென்றது சென்னை சிட்டி எஃப்சி. கோயம்புத்தூரில் ஆடிய அணி, சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர், உருகுவேயின் பெட்ரோ மான்ஸி 21 கோல். தமிழ்நாட்டில் ஒரு சின்ன அணி பட்டம் வாங்கிவிட்டது என்று கோவை தூங்காமல் கொண்டாடியது. வேறு நாடாக இருந்தால் அந்த அணி அடுத்த பருவம் மேல்தட்டில் ஆடியிருக்கும். நம் சூப்பர் லீகில் அப்போது வெற்றியால் உள்ளே வரும் வழி இல்லை. நுழைவுக் கட்டணம் கட்டியவர்கள் உள்ளே, பட்டம் வாங்கியவர்கள் வெளியே. ஐ-லீக் வென்ற அணிக்கு அந்தக் கதவு திறந்தது 2023இல்தான், பஞ்சாப் அணிக்கு. அதற்குள் சென்னை சிட்டி இல்லாமல் போயிருந்தது. 2020–21க்குப் பிறகு ஐ-லீகில் அந்தப் பெயரே கிடையாது. சாம்பியன் அணி ஒன்று இரண்டே வருஷத்தில் சத்தமில்லாமல் மறைந்தபோது யாருடைய டிபியும் மாறவில்லை. வருவதைக் கொண்டாடத் தெரிந்த அளவுக்கு, போவதைக் கேள்வி கேட்க எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

சென்னையின் எஃப்சி ரசிகர்களுக்கும் இந்தப் பழக்கம் நன்றாகவே கைவந்திருக்கிறது. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் போன்ற கூட்டங்கள் மழையிலும் முரசு அடிப்பவர்கள். லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் 2019–20இல் 15 கோல் அடித்து அணியை இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். அடுத்த பருவம் பயிற்சியாளர் ஓவன் காயலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் திரும்பி வந்தபோது மறுபடி வரவேற்பு, 2023இல் காயல் திரும்பி வந்தபோது மறுபடி வரவேற்பு. 2024 கோடையில் வில்மார் ஜோர்டான் கில் வந்தார், வேறு பலரும் வந்தார்கள். அறிவிப்புகளுக்குக் குறைவில்லாத அந்தப் பருவத்தின் முடிவில் சென்னை 13 அணிகளில் 11ஆவது இடத்தில் நின்றது. அடுத்த அறிவிப்புக்காக ரசிகன் அப்போதும் காத்திருந்தான். இப்படி ஒரு ரசிகனை உருவாக்கி வைத்ததற்காகவும் நிர்வாகங்களைப் புகழ வேண்டும். கணக்குக் கேட்காத வாடிக்கையாளர் எந்தக் கடைக்கும் எளிதில் கிடைப்பதில்லை.

அப்படிப்பட்ட ரசிகனின் கோபம் எப்படி வெளிவரும் என்பதை 2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தா காட்டியது. மெஸ்ஸி சால்ட் லேக் அரங்கத்துக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது, அவரைச் சூழ்ந்துகொண்ட பெரிய மனிதர்களின் முதுகுதான். கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார். நாற்காலிகள் பறந்தன. ஆட்டத்தைக் காட்டாமல் பெயரை மட்டும் காட்டி ஒரு தலைமுறையைப் பழக்கினால், அந்தப் பெயரும் கண்ணில் படாதபோது அது என்ன செய்யும்?

ஐந்தாவது புகழ்தான் எனக்கு மிக நெருக்கமானது. நிர்வாகிகளே, தென்மாவட்டங்களை நீங்கள் தொந்தரவு செய்வதே இல்லை.

எங்கள் கடற்கரையில் பந்து புதிதில்லை. முத்துக்குளித்துறையின் ஊர்களில் மாதா கோயில் பக்கத்து மணலில் பையன்கள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். இன்னும் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்தில் கால்பந்து ஏறக்குறைய வீட்டுப் பழக்கம். அந்தக் கடலோரத்து மீனவக் குடும்பத்திலிருந்து வந்தவர்தான் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு கொல்கத்தாவுக்கும் போனவர். 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயப்பட்டு விழுந்தார். வடசென்னையின் வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்பார்கள். அங்கிருந்து வந்து சென்னையின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷுக்கும் முழங்கால் காயம் ஒரு பருவத்தைத் தின்றது. 1997–98 தேசிய லீகில் அதிக கோல் அடித்தவர் ராமன் விஜயன் என்ற தமிழர். இன்றைய ரசிகர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து அவள் புகழ்ந்தாள்: இங்கே எல்லாம் நெய் பூசி, மாலை சூட்டி, காவலோடு அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. நம் அணிகளின் அறிவிப்புப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூதுதான் நினைவுக்கு வருகிறது. மாலை போட்டவர் படத்தில் இருக்கிறார். முனை முறிந்தவர்கள் வியாசர்பாடியிலும் குமரிக் கடற்கரையிலும் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி எழுந்து நின்றார்கள்.

கயத்தாற்றிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் கோவில்பட்டி வந்துவிடும். அங்கே ஹாக்கிக்குச் செயற்கைத் தளம் உண்டு, அரசின் விளையாட்டு விடுதி உண்டு, லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டியும் உண்டு. அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் பயின்ற கார்த்தியும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். யாரையும் விலைக்கு வாங்கி இது நடக்கவில்லை. தரையைப் போட்டார்கள், பயிற்சியாளரை வைத்தார்கள், ஆண்டுதோறும் போட்டி நடத்தினார்கள், காத்திருந்தார்கள். அரை மணி தூரத்தில் ஒரு ஹாக்கிப் பையன் இந்தியச் சட்டை போடலாம் என்றால், கயத்தாற்றின் கால்பந்துப் பையனுக்கு மட்டும் டிபி மாற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போனது ஏன்?

மாலை இல்லாமல் ஜெயித்தவர்கள் கால்பந்திலும் இருக்கிறார்கள். மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி 2018–19இல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வாங்கியது. கடலூரின் இந்துமதி கதிரேசன் போலீஸ் உத்தியோகத்தையும் இந்திய அணியையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார். 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2–1 என வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றார்கள். ஆண்கள் தோற்ற அதே ஆண்டில் இது நடந்தது. எந்த நிர்வாகமும் இவர்களுக்காக நாதஸ்வரத்தோடு படம் எடுக்கவில்லை. அந்தக் கலையை உரியவர்களுக்கு மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள்.

அதே 2025 ஜூலையில், ஒப்பந்தச் சிக்கலால் சூப்பர் லீகையே நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்தது. 2010இல் போட்ட பதினைந்தாண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, அதற்குப் பிறகு யார் நடத்துவது என்று தெரியவில்லை என்றார்கள். சில அணிகள் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைத்தன. ஒப்பந்தம் அந்த மாதத்தில் முடியும் என்பது பதினைந்து வருஷமாகத் தெரிந்த தேதி. ஒரு வெளிநாட்டவரின் வருகையை நிமிஷக் கணக்கில் திட்டமிடத் தெரிந்தவர்கள், சொந்த லீகின் முடிவுத் தேதி வாசலுக்கு வந்த பிறகே விழித்துக்கொண்டார்கள்.

ஆகவே, நிர்வாகிகளே, உங்களைப் புகழ்ந்தது அத்தனையும் உண்மை. வரவேற்பில் நீங்கள் வல்லவர்கள். அந்த வல்லமையில் பாதியை எங்கள் பக்கம் திருப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும், கோடை விடுமுறைக்கு மட்டுமில்லை, வருஷம் பூராவும். பதின்மூன்று வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் வருஷத்தில் முப்பது ஆட்டமாவது கிடைக்கும் மாவட்ட லீக் வேண்டும். முன்னால் நின்று கோல் அடிக்கும் இடத்தில் ஒவ்வொரு அணியும் ஓர் இந்தியரைக் கட்டாயம் வளர்க்க வேண்டும், அவன் பத்து ஆட்டம் கோல் அடிக்காவிட்டாலும் பதினோராவது ஆட்டத்தில் இறக்க வேண்டும். பத்து ஆட்டத்தில் ஒரு கோல் அடித்த டெல் பியரோவுக்குக் காட்டிய பொறுமை போதும், அதற்கு மேல் கேட்கவில்லை.

தம்பிகளே, உங்களிடமும் ஒன்று. அடுத்த அறிவிப்பு வரும்போது தாராளமாகச் சந்தோஷப்படுங்கள், அந்தச் சந்தோஷம் உங்கள் உரிமை. கூடவே ஒரு கேள்வியையும் அனுப்புங்கள்: இவர் போன பிறகு அந்த இடத்தில் ஆடப்போகிறவன் இப்போது எங்கே பயிற்சி எடுக்கிறான்? நிர்வாகம் அதற்கு ஊர்ப் பெயரோடு பதில் சொல்லும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.